ஆறாவது டோஸும் பதினேழு புளியமரங்களும்

நர்ஸ் பிள்ளைகளே, போன வாரம் உங்கள் புற்றுநோய் வார்டைச் சுற்றிக் காட்டினீர்கள். சந்தோஷம். ஏ.சி. ஓடுகிறது. மருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதை மிஷினே எண்ணுகிறது. ஏதாவது தப்பாகப் போனால் அதுவே கத்தி ஊரைக் கூட்டுகிறது. உங்களில் ஒரு பெண், தொங்கிக்கொண்டிருந்த பாட்டிலைக் காட்டி, "இது உடம்போட எதிர்ப்பு சக்தியைத் தட்டி எழுப்பி, கட்டியை அடிக்க வைக்கிற மருந்து சார். உங்க காலத்துல இதெல்லாம் ஏது?" என்று கேட்டாள். அந்த நேரம் டீ வந்துவிட்டதால் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். இருந்தது தாயே. பாட்டிலில் தொங்கவிடவில்லை, அவ்வளவுதான். நாங்கள் ஆளைப் புரட்டிப் புரட்டிப் போட்டு அதைக் கொடுத்தோம்.

நான் கள்ளக்குறிச்சியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆண் நர்ஸாக இருந்தேன். அந்த நாளில் ஆண் நர்ஸ் என்றால் ஊருக்குப் புரியாது. டாக்டர் இல்லாத ஒரு ஆம்பிளை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் நடந்தால் அவன் கம்பவுண்டர். படித்து வாங்கிய சர்டிபிகேட்டைச் சுவரில் மாட்டிவைத்தேன். அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "கம்பவுண்டருக்குக் கூட படிப்பு கீதா!" என்று ஆச்சரியப்பட்டுப் போனார்கள். எங்களுக்கு ஒரே சர்ஜன். கை சுத்தம், கோபம் ஜாஸ்தி, பேச்சு கம்மி. அவர் யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. பெயரைச் சொல்ல மாட்டேன், அவருக்குப் பிடிக்காது.

இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. எங்கள் பக்கம் அது பேப்பரில் படிக்கிற விஷயமாக இல்லை. பிள்ளைகளைப் படிக்க வைத்துவிட்டு, வேலை கிடைக்காமல் அவர்களை வீட்டிலேயே பார்த்துக்கொண்டிருந்த குடும்பங்கள் ஒவ்வொரு தெருவிலும் இருந்தன. கோபத்துக்குக் காரணம் இருந்தது. நைனார்பாளையத்துக்காரர் ஒருவர், அறுபது வயது விவசாயி, அந்த வட்டாரத்தில் முன்னால் நின்று போராட்டத்தை நடத்தினார். மைக் தேவைப்படாத குரல். எல்லோரும் அவரைப் பெரியவர் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

பெரியவருக்கு மூத்திரப் பையில் புற்றுநோய். பீடி கொடுத்த பரிசு. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் உள்ளே கருவி விட்டுக் கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்த ஜாதிக் கட்டி சுரண்டினால் திரும்ப முளைக்கும். ஆழமாக முளைத்துவிட்டால் பையையே எடுத்துவிட்டு, வயிற்றில் ஓட்டை போட்டு, வெளியே ஒரு பிளாஸ்டிக் உறையைக் கட்டிவிட வேண்டும். ஆயுளுக்கும் அதுதான் என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள்.

"இன்னாது? அத்த வயித்துல கட்டிக்கினு நான் மேடையேறி நிக்கணுமா? அதுக்கு என்னை இப்பவே கொளுத்திடுங்க" என்றார் எங்கள் சர்ஜனிடம்.

அப்படி ஆகாமல் இருக்கத்தான் அந்த மருந்து. வாரம் ஒன்றாக ஆறு டோஸ். முதல் டோஸைச் சென்னையில் கொடுத்துவிட்டு, மீதியை எங்கள் சர்ஜனிடம் ஒப்படைத்தார்கள். பெரியவரின் மாப்பிள்ளை சென்னையில் ஏதோ ஆபீசில் கிளார்க். வாராவாரம் அவர் ஐஸ் போட்ட ஃப்ளாஸ்க்கில் மருந்துக் குப்பியை வைத்து, மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார். மெலிந்த ஆள், மூக்குக்கண்ணாடி. மாமனாரைப் பார்த்தாலே கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

என்ன மருந்து என்று பெரியவர் கேட்டார். குழந்தை பிறந்ததும் தோளில் போடுகிறோமே, தழும்பு விழுமே, அந்த பி.சி.ஜி.தான் என்றேன்.

"கொயந்தைக்குப் போடறத எனக்கு எதுக்குய்யா போடறீங்க?"

சர்ஜன் அன்றைக்கு என்ன மனநிலையில் இருந்தாரோ, உட்கார்ந்து விளக்கினார். "கட்டி உங்க உடம்புலயே பிறந்தது. அதனால ரத்தத்துல காவல் காக்கிற அணுக்கள் அதை வேத்தாளா நினைக்காம விட்டுடுது. டிபி கிருமியோட சொந்தக்காரக் கிருமி ஒண்ணு, வீரியத்தைக் குறைச்சது. அதை உள்ள விட்டா துரத்தறதுக்குக் காவல்காரங்க கூட்டமா ஓடி வருவாங்க. வந்த வேகத்துல பக்கத்துல ஒளிஞ்சிருக்கிற கட்டிக்கும் சேத்து அடி விழும்."

பெரியவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அதாவது வெளியாள் ஒருத்தன உள்ள வுட்டு ஊர உசுப்பி வுடறீங்க."

"ஆமா."

"அப்பால கூட்டம் கலையலன்னா?"

சர்ஜன் என் பக்கம் திரும்பி, எனக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "அதுக்குத்தான் ஒவ்வொரு தடவையும் ட்யூப் போட்டதும் ரத்தம் வருதான்னு பாக்கணும். ஒரு சொட்டு வந்தாலும் மருந்து கிடையாது. உள்ள காயம் இருந்தா கிருமி ரத்தத்துல பூந்துடும். அப்புறம் அது மருந்தே இல்ல, வியாதி. ஆளே போயிடலாம்."

நான் தலையாட்டினேன். தலையாட்டுவது சுலபம்.

மருந்து கொடுக்கும் முறையைக் கேளுங்கள். ட்யூப் வழியாக மருந்தை மூத்திரப் பைக்குள் ஏற்றி, ட்யூபை எடுத்துவிடுவோம். பிறகு இரண்டு மணி நேரம் ஆள் மூத்திரம் போகாமல் அடக்கிக்கொண்டு படுத்திருக்க வேண்டும். சும்மா படுத்தால் போதாது. மருந்து எல்லாப் பக்கமும் படவேண்டும் என்று கால் மணிக்கு ஒருமுறை மல்லாக்க, இடப்பக்கம், குப்புற, வலப்பக்கம் என்று புரள வேண்டும். தோசையைத் திருப்புவதுபோல நான் கடிகாரத்தைப் பார்த்துத் திருப்புவேன். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் போராட்டக்காரர்கள் அவரைப் பார்க்க வருவார்கள். வேறு நேரத்தில் அவர் ஊரில் தங்குவதில்லையே! கட்டிலைச் சுற்றி நின்று சாலை மறியலைப் பற்றிப் பேசுவார்கள். நான் "இடப்பக்கம்" என்பேன். பெரியவர் சுவரைப் பார்த்துத் திரும்புவார். மொத்தக் கூட்டமும் கட்டிலைச் சுற்றி வந்து சுவரோரம் நெருக்கியடித்து நிற்கும். "குப்புற" என்றால் எல்லோரும் குனிந்து அவர் வாய்ப் பக்கம் காதை வைப்பார்கள்.

"சைக்கிள்கூட போவக் கூடாது" என்று அவர் தலையணைக்குள் சொன்னார். "நான் சொல்றன்னு சொல்லு. எவன் வந்தாலும் சரி, எந்தக் காயிதத்தக் காட்னாலும் சரி, ஒரு சைக்கிள்கூட. சீக்கிரம் பேசுங்கய்யா, எனக்கு முட்டிக்கினு வருது."

அடுத்த ஆறு மணி நேரம் அவர் எப்போது மூத்திரம் போனாலும் அதில் உயிருள்ள கிருமி இருக்கும் என்பதால், பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளியில்தான் போக வேண்டும். அறுபது வருஷமாக ஆகாயத்துக்குக் கீழே போய்ப் பழகிய மனுஷன். வாளியை முறைத்துக்கொண்டு நிற்பார். "கம்பவுண்டரு, நீ அந்தாண்ட திரும்பிக்க. வாளியும் திரும்பிக்கினா நல்லாருக்கும்" என்பார்.

இனிமேல்தான் என் தப்பு. ஒன்றல்ல, இரண்டு.

ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்னால் நான் கல்வராயன் மலையில் தடுப்பூசி முகாம்களுக்குப் போய்க்கொண்டிருந்தவன். வெள்ளிமலை, கரியாலூர் பக்கமெல்லாம் கால்நடையாக ஏறி, பி.சி.ஜி. போட்டிருக்கிறேன். போட்ட இடம் சில வாரத்தில் புண்ணாகும். தாய்மார்கள் பயந்துபோய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "புண்ணு வந்தா நல்லது தாயி, மருந்து புடிச்சிருக்குன்னு அர்த்தம், ஒண்ணும் தடவாத" என்று சொல்லி அனுப்புவேன். எத்தனையோ தடவை சொல்லி அது வாயிலேயே ஊறிவிட்டது. பெரியவருக்கு டோஸ் போட்டதும் லேசாகக் காய்ச்சல் வரும் என்று சர்ஜன் சொல்லியிருந்தார். அவர் சம்சாரம் என்னைக் கேட்டபோது நான் பழைய பழக்கத்தில், "ஜொரம் வந்தா நல்லதுங்க. உடம்பு முழிச்சிக்கிச்சின்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டேன். எவ்வளவு காய்ச்சல், எத்தனை நாள் என்று சொல்லவில்லை.

ஐந்தாவது டோஸ் முடிந்து ஊருக்குப் போனார். அன்று சாயங்காலம் காய்ச்சல். வீட்டில் சந்தோஷம். மறுநாளும் காய்ச்சல். இன்னும் சந்தோஷம். மூன்றாம் நாள் உடம்பு தூக்கிப் போட்டது. மாரியம்மன் கோவிலில் பொங்கல் வைத்தார்களாம். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் பெரியவர் போர்வைக்குள்ளிருந்து, "கூட்டம் வந்துக்கினே கீது" என்று பெருமையாகச் சொன்னாராம். ஐந்தாம் நாள் வாய் குழறியது. அப்போதும் அவர் சம்சாரத்துக்குத்தான் சந்தேகம் வந்தது. காரில் போட்டுக் கொண்டுவந்தார்கள். ஆள் வாழைத்தண்டாகக் கிடந்தார்.

சர்ஜன் டிபிக்குக் கொடுக்கும் மாத்திரையை ஆரம்பித்தார். பிறகு என்னை அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தாமலே திட்டினார். "காய்ச்சல் நல்லதுன்னு சொல்ல நீ யாரு? ஒருநாள் காய்ச்சல் உடம்பு முழிக்கிறது. அஞ்சு நாள் காய்ச்சல் உடம்பு எரியறது. ரெண்டுக்கும் வித்தியாசம் சொல்லாம அனுப்பினா நீ நர்ஸ் இல்ல, குறி சொல்றவன்." அதை இன்றைக்கும் நான் மறக்கவில்லை. நீங்களும் மறக்காதீர்கள். உங்கள் புது மருந்துகளிலும் இதே கதைதான் என்று படிக்கிறேன். கட்டியை அடிக்க எழுப்பிவிட்ட அணுக்கள் அடங்காமல் குடலையும் நுரையீரலையும் அடித்துவிடுகின்றன என்கிறார்கள். வீட்டுக்குப் போகிறவர்களிடம் "கொஞ்சம் வயிற்றுப்போக்கு இருக்கும்" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். எத்தனை தடவை போனால் ஓடி வர வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

காய்ச்சல் அடங்கியது. ஆறாவது டோஸ் மட்டும் சில வாரம் தள்ளிப் போனது. தள்ளிப் போன டோஸ் எங்கே வந்து விழுந்தது என்றால், சரியாகச் சாலை மறியல் வாரத்தில். நான் வாயை அடக்கியிருந்தால் அது எப்போதோ முடிந்திருக்கும்.

மறியலுக்கு முதல் நாளே பெரியவர் வந்து படுத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே மறியல் நடத்துவதாக ஏற்பாடு. சர்ஜன் வெள்ளிமலையில் ஒரு முகாமுக்குப் போனார். போகும்போது கேஸ் ஷீட்டில், 'வியாழக்கிழமை ஆறாவது டோஸ் கொடுக்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மறுநாள் விடிந்தால் மலையடிவாரத்திலேயே மரம் வெட்டிப் போட்டிருந்தது. அவர் மலையிலேயே மாட்டிக்கொண்டார். போன் செத்துக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கிடையாது. நானும், பிரசவம் பார்க்கிற ஒரு நர்ஸம்மாவும்தான்.

மறியல் தொடங்கிச் சில நாள் ஆன பிறகு, வியாழக்கிழமை காலையில் ஒரு ஆள் வியர்க்க விறுவிறுக்க நடந்து வந்தான். மாப்பிள்ளை ஃப்ளாஸ்க்கோடு எப்படியோ சுற்று வழியில் தியாகதுருகம் வரை வந்துவிட்டாராம். அதற்கு மேல் விட மாட்டேன் என்கிறார்களாம். தியாகதுருகத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவில் பதினேழு புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு காவல் கூட்டம்.

"என் மருந்தயே நிறுத்தறானுங்களா? யார்றா அவன்?" என்று பெரியவர் எழுந்து உட்கார்ந்தார்.

"நீங்கதான சைக்கிள்கூட வுடாதன்னு சொன்னீங்க" என்றான் அவன்.

பெரியவர் காகிதம் கேட்டு, 'இவர் என் மாப்பிள்ளை, கையில் இருப்பது என் மருந்து, விடவும்' என்று எழுதிக் கொடுத்தார். அவன் அதை எடுத்துக்கொண்டு திரும்ப ஓடினான்.

அதற்குப் பிறகு நடந்ததை மாப்பிள்ளை பிற்பாடு என்னிடம் சொன்னார். முதல் மரத்துக்காரர்கள் சீட்டைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். "பெரியவரு வாயால சொன்னது, எந்தக் காயிதத்தக் காட்னாலும் வுடாதன்னு. இது காயிதம்." நியாயம்தானே! கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சீட்டு கொண்டுவந்தவன் பெரியவரை நேரில் பார்த்தவன். அவன் முதல் மரத்தில் சத்தியம் செய்வான். முதல் மரத்திலிருந்து ஒரு ஆள் கூடவே வந்து இரண்டாவது மரத்தில் சாட்சி சொல்வான். இரண்டாவது மரத்து ஆள் மூன்றாவது மரத்தில். எவனும் சாட்சி சொல்லிவிட்டுத் திரும்பிப் போகவில்லை. மருந்தை ஒப்படைத்துவிட்டுத்தான் போவோம் என்று கூடவே நடந்தார்கள். மரத்துக்கு மரம் ஃப்ளாஸ்க்கைத் திறந்து பார்த்தார்கள். ஐஸ் கரைந்துகொண்டே வந்தது.

நடுவில் ஒரு போலீஸ் வேன் இரண்டு மரங்களுக்கு இடையில் மாட்டிக்கொண்டு நின்றது. ஒரு ஏட்டு இறங்கி, "ஃப்ளாஸ்க்குல என்னய்யா?" என்றார். நம் மாப்பிள்ளைக்குப் பொய் சொல்ல வராது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "டிபி வகைக் கிருமிங்க சார். உயிரோட இருக்குது" என்றார். ஏட்டு ஒரே தாவலில் வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, "போ, போ, போயிக்கினே இரு" என்று உள்ளேயிருந்து கையைக் காட்டினாராம்.

அதற்குள் செய்தி முன்னால் ஓடிவிட்டது. பெரியவர் மருந்து போகிறது, வழி திறக்கிறது. ரோட்டோர ஊர்களில் இத்தனை நாள் முடங்கிக் கிடந்த நோயாளிகளெல்லாம் ஃப்ளாஸ்க்குக்குப் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். சாட்சிக்காரர்களுக்கும் மனசு இருந்தது, யாரையும் தடுக்கவில்லை. பல்வலிக்காரர் இரண்டு பேர். கால் வீங்கிய ஒருவர். பிரசவ வலியில் இருந்த ஒரு பெண்ணைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு மரத்தையும் தாண்டிக் கொண்டுவந்தார்கள். மத்தியானம் ஆஸ்பத்திரி வாசலில் இந்த ஊர்வலம் வந்து நின்றபோது, தலைக்கு மேலே ஃப்ளாஸ்க்கைத் தூக்கிப் பிடித்தபடி முன்னால் மாப்பிள்ளை. பின்னால் கோஷம். அந்தப் பெண்ணுக்கு வந்த அரை மணியில் பெண் குழந்தை பிறந்தது. நர்ஸம்மா அங்கே போய்விட்டார். இங்கே நான் தனி.

ஃப்ளாஸ்க்கைத் திறந்தேன். நெல்லிக்காய் அளவு ஐஸ் மிதந்தது. குப்பி இன்னும் ஜில்லென்று இருந்தது. ஜன்னலில் முகங்கள். "சீக்கிரம் போடு கம்பவுண்டரு, கரைஞ்சிரப் போவுது" என்று எல்லோரும் ஒரே குரலில் விரட்டினார்கள். எனக்குள்ளும் ஒரு அவசரம் புகுந்துகொண்டது. என் இரண்டாவது தப்பு அங்கே நடந்தது. முதலில் ட்யூப் போட்டு, மூத்திரம் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் குப்பியை உடைத்து மருந்தைக் கலக்க வேண்டும். நான் முதலில் மருந்தைக் கலக்கி சிரிஞ்சில் ஏற்றி வைத்துவிட்டேன். கலக்கிய மருந்து சில மணி நேரத்துக்கு மேல் நிற்காது. உடைக்காத குப்பியாக இருந்தால் எங்கள் ஃப்ரிட்ஜில் அடுத்த வாரம் வரை சமத்தாக உட்கார்ந்திருக்கும்.

ட்யூப் போட்டேன். ஓரிடத்தில் லேசாக முட்டியது. பெரியவர் முகத்தைச் சுளித்தார். உள்ளே போய்விட்டது. மூத்திரம் வந்தது. கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். ரோஜா நிறம்.

குவளையைச் சாய்த்து இன்னொரு தடவை பார்த்தேன். தாராளமாக ரத்தம் இல்லை. ரசத்தில் விழுந்த தக்காளித் துணுக்கு மாதிரி ஒரு இழை, மெல்லிய சிவப்பு. மனசு உடனே வக்கீல் வேலை பார்க்க ஆரம்பித்தது. இது சும்மா ட்யூப் உரசினது. இவ்வளவு தூரம் இத்தனை பேர் கொண்டுவந்தது. கேஸ் ஷீட்டில் சர்ஜனே 'கொடுக்கவும்' என்று எழுதியிருக்கிறார், ரத்தம் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. கொடுத்து ஏதாவது ஆனால் கையெழுத்து அவருடையது. கொடுக்காமல் கட்டி திரும்ப முளைத்தால் பழி என்னுடையது. கொடுப்பதற்கு நூறு காரணம் இருந்தது. கொடுக்காமல் இருக்க அந்தச் சிவப்பு இழை ஒன்றுதான்.

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் உங்களுக்கு நான் சொல்ல வந்தது. நெருக்கடியில் நமக்குத் தெரியாமல் போவதில்லை. தெரியும். தெரிந்ததைச் செய்ய விடாமல் ஜன்னலில் நாற்பது முகம் நிற்கும். அதில் ஒன்றுகூடக் கெட்ட முகமாக இருக்காது.

"பெரியவரே, ரத்தம் வருது. இன்னிக்கு மருந்து கிடையாதுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

"இன்னாது?"

"ஒரு வாரம் கழிச்சிப் போடலாம். வேற மருந்து வரவழைச்சி."

"வேற மருந்தா? இத்தக் கொண்டாரவே பதினேழு மரம் தாண்டிக்கினு வந்தானுங்க! ஒரு சொட்டு ரத்தத்துக்கா? எங்க ஆளுங்க ரோட்ல சிந்தறது இன்னா ரத்தம்? தக்காளி சாறா? போடுய்யா!"

"போட்டா கிருமி ரத்தத்துல கலந்துடுங்க. போன தடவ அஞ்சு நாள் ஜொரத்துல கிடந்தீங்களே, அது வெறும் சாம்பிள். இது உசிரையே வாங்கிடும்."

"ஜொரம் நல்லதுன்னு சொன்னவனே நீதானய்யா!"

அது உண்மை. "ஆமாங்க, நான்தான் சொன்னேன். தப்பா சொன்னேன். அதனாலதான் இன்னிக்கு மாட்டேன்னு சொல்றேன்" என்றேன்.

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். ட்யூப் மாட்டியிருந்ததால் எழுந்திருக்க முடியவில்லை. நாலு தாலுக்காவை அசையாமல் நிறுத்திய மனுஷன் ஒரு ரப்பர் ட்யூபில் கட்டுண்டு கத்தினார். வெளியே கூட்டமும் கத்தியது. ஒருத்தன் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, "அந்த சிரிஞ்ச இங்க குடு, நாங்க போட்டுக்கிறோம்" என்றான். சிரிஞ்ச் இருக்கிறவரை இந்தச் சண்டை ஓயாது என்று அப்போதுதான் புரிந்தது. இன்னும் பத்து நிமிஷம் போனால் நானே போட்டுவிடுவேன் என்றும் புரிந்தது. என்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

பிளீச்சிங் வாளி பக்கத்தில்தான் இருந்தது. சிரிஞ்சைக் கவிழ்த்து அழுத்தினேன். மருந்து முழுக்க வாளிக்குள் போனது.

ஜன்னலில் இருந்தவர்கள் வாளியைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை கண்ணாடியைத் துடைக்கவில்லை. நெற்றியில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பெரியவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தார். நான் ட்யூபை எடுத்தேன். பக்கத்து அறைக்குப் போய், பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல நின்றுகொண்டு அழுதேன். சொல்வதற்கென்ன வெட்கம்?

மறியல் முடிந்து சர்ஜன் மலையிறங்கி வந்தார். நடந்ததைச் சொன்னேன், முறை மாற்றி மருந்தை முதலில் கலக்கியதையும் சேர்த்து. கேட்டுக்கொண்டிருந்தவர், "வாளியில பிளீச்சிங் சரியான அளவுல இருந்துதா?" என்றார்.

"இருந்துது சார்."

"எவ்வளவு நேரம் ஊற வெச்ச?"

"அரை மணி சார்."

"சரி. இனிமே ட்யூப் போட்டுட்டுக் கலக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த கேஸைப் பார்க்கப் போய்விட்டார். அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கழித்து வேறு குப்பி வந்தது, இந்தத் தடவை பஸ்ஸில், சாட்சி யாரும் இல்லாமல். தெளிவான மூத்திரம். ஆறாவது டோஸைச் சர்ஜனே கொடுத்தார். புரட்டிப் போட நான்தான். இரண்டு மணி நேரமும் பெரியவர் என்னைத் தவிர மற்ற எல்லோரிடமும் பேசினார். மூன்று மாதம் கழித்துச் சென்னையில் உள்ளே கருவி விட்டுப் பார்த்தார்கள். கட்டி இல்லை. அடுத்த வருஷமும் இல்லை. அன்றைக்கு அந்த மருந்தைக் கொடுத்திருந்தால் செத்திருப்பாரா, ஒன்றும் ஆகாமல் இருந்திருப்பாரா? எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

பெரியவருக்கு மட்டும் தெரியும். நைனார்பாளையம், சின்னசேலம் பக்கம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், டீக்கடையில் உட்கார்ந்தாலும், நான் அவர் மருந்தை வாளியில் ஊற்றிய கதைதான். "நாங்க உசுரக் குடுத்துக் கொண்டாந்தோம், அந்தக் கம்பவுண்டரு பாவி சாக்கடையில ஊத்தற மாதிரி ஊத்திட்டான்" என்பாராம். அதில் பாதி நியாயம் இருந்தது. குப்பியை நான் உடைக்காமல் இருந்திருக்கலாம்.

பதினோரு வருஷம் கழித்து, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் சங்கராபுரம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து அந்தக் குரல். எழுபதைத் தாண்டிவிட்டார், குரல் மட்டும் இறங்கவில்லை. ஊரே திரும்பிப் பார்த்தது. "இந்தா நிக்கிறான் பாருங்க, இவன்தான்!" என்று சுற்றி நின்றவர்களுக்கு என்னைக் காட்டி, முதலிலிருந்து ஆரம்பித்தார். மரம், சாட்சி, ஐஸ், வாளி. நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். ஒரு அம்மாள் என்னைப் பார்த்து, "ஏய்யா, பெரிய மனுஷன் மருந்த இப்பிடியா பண்ணுவ?" என்று சேர்த்துத் திட்டினாள்.

சரியாக வாளி கட்டத்துக்கு வந்தபோது பெரியவர் நிறுத்தினார். குடையை என் கையில் திணித்தார். "இங்கியே நில்லு, எங்கியும் போயிடாத. இன்னும் முடிக்கல. ஒண்ணுக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சுவரோரமாக, யார் துணையும் இல்லாமல், வயிற்றில் உறையும் இல்லாமல் விறுவிறுவென்று நடந்தார்.

சங்கராபுரம் பஸ் வந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்து, "ஏறலியா?" என்றார். இல்லை என்று தலையாட்டிவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். பெரியவர் நிதானமாகப் போய்விட்டு வரட்டும் என்றிருந்தது.